உப்புக் காற்றில் மூன்று சிலைகள்: கடலூர் வீட்டிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் பழைய வீட்டின் கூரையைக் கொண்டுபோன பிறகு கட்டியது இது. சுவரில் மாட்டிய படங்கள் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போனதால், கூடத்துக்கும் முற்றத்துக்கும் உருவச் சிலைகளையே வைப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். 2014-இல் புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் சிற்பம் ஒன்றும், மறு ஆண்டு சுவாமிமலை உலோக வார்ப்பு ஒன்றும், 2017-இல் மாமல்லபுரத்துக் கருங்கல் சிலை ஒன்றும் வந்து சேர்ந்தன. வாங்கும்போது மூன்றின் அழகையும் பார்த்தோமே தவிர, எந்த இடத்தில் வைக்கப்போகிறோம் என்று யோசிக்கவில்லை. பின்னால் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை அதனால் வந்தவை.

சுடுமண் சிற்பம், முழங்கால் மடித்து அமர்ந்து முறத்தில் அரிசி புடைக்கும் ஒரு பெண்; உயரம் இரண்டேகால் அடி. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. எங்கள் சிலை அவர் கைவேலை அன்று. அதே ஊரில் வேறொரு குயவர் செய்தது. உள்ளே கூடாகவே வனைந்திருக்கிறார்கள். சூளையில் ஆவி வெளியேறுவதற்காக முதுகில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டிருக்கிறார்கள். முதல் கோடையிலேயே ஒரு குளவி அதற்குள் குடிபுகுந்தது. பிறகு தேங்காய் நாரால் அடைத்தோம்.

பெரிய சிக்கல் பாதத்தில் தொடங்கியது. சிலையை முற்றத்துத் தரையில் நேராக வைத்திருந்தோம். இரண்டாம் ஆண்டு முடிவில் கால்விரல்களில் வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மண் பொடியாக உதிர்ந்தது. தரையின் ஈரத்தோடு உப்பும் சுடுமண்ணின் நுண்துளைகளுக்குள் ஏறி, ஈரம் காயும்போது உள்ளேயே படிகமாகிறது. அந்தப் படிகம் பெருத்து மேல்தோலை உள்ளிருந்து தள்ளி உரிக்கிறது. துடைத்துத் துடைத்துப் பயனில்லாமல், கடைசியில் சிலையை அகன்ற அண்டாவில் அமர்த்தி, நல்ல தண்ணீரில் பாதம் மூழ்க ஊறவைத்து, இரண்டு வாரம் நாள்தோறும் தண்ணீரை மாற்றி உப்பை இறக்கினோம். சாயம் பூசாத, நன்றாக வெந்த சிலைக்கு மட்டுமே இது பொருந்தும். வண்ணம் தீட்டிய பொம்மையை இப்படிச் செய்தால் வண்ணமே போய்விடும். அதன்பின் ஒன்றரை அடித் திட்டு ஒன்று கட்டி, கடப்பைக் கல் பதித்து, அதன்மேல் வைத்தோம். உப்பு நின்றது என்பதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறு: ஊஞ்சலில் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் முகம் இப்போது என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. தரையில் இருந்தவரை நாங்கள் பார்த்ததெல்லாம் அவளுடைய உச்சி வகிட்டைத்தான்.

வார்ப்புச் சிலை வாங்கும்போது வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. நான் நடராசர் என்றேன். “ஒரு சாணுக்கு மேல போச்சுன்னா தினம் நைவேத்தியம் வைக்கணும்டா, யாரு வைப்பா?” என்றார் அம்மா. கடைசியில் பத்து அங்குலப் பாவை விளக்கில் மூவரும் உடன்பட்டோம். விளக்கேந்திய பெண்ணுக்குப் பூசைக் கட்டாயம் இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, செம்பு மிகுந்த உலோகக் கலவையை ஊற்றும் முறையில் ஆனது. உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு என்பதால் கையில் எடுத்தால் கனம் தெரியும்.

அதைக் கெடுத்தது காற்று மட்டுமன்று, எங்கள் அக்கறையும்தான். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் புளியும் உப்பும் போட்டுப் பொன்போலத் தேய்த்துக் கொடுத்தார். அடுத்த ஐப்பசியில் சேலை மடிப்புகளிலும் இடையணியின் இடுக்குகளிலும் வெளிர்பச்சையாகப் பொடி கிளம்பியது. செம்பில் ஏறிய களிம்பு கருமையாகவும் இறுகியும் இருந்தால் அதை விட்டுவிடலாம், அது ஒரு காப்பு. பொடியாக உதிரும் வெளிர்பச்சை அப்படியன்று. உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போவதன் அடையாளம் அது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரால் மென்மையான பல் துலக்கியைக் கொண்டு பலமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, தேன்மெழுகை மெல்லியதாகப் பூசினோம். ஆண்டுக்கு இரண்டு முறை மெழுகு பூசுகிறோம். புளியை அதன் அருகில் அனுமதிப்பதில்லை.

கருங்கல் சிலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீணை மீட்டும் பெண். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ என்பதை, நான்கு பேர் சேர்ந்து இறக்கியபோதுதான் உணர்ந்தோம். உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கற்றூண்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பிழை எங்களுடையது. சன்னலுக்கு முன்னால் நிறுத்தியதால் வெளிச்சம் முதுகுப்புறம் விழுந்து, முகம் பகல் முழுதும் இருண்டே கிடந்தது. நகர்த்த ஆள் கிடைக்காமல் மூன்று ஆண்டுகள் அப்படியே பார்த்தோம். எதிரே குழல்விளக்குப் போட்டபோது முகம் தட்டையானது; இடப்பக்கம் மேலிருந்து மஞ்சள் விளக்கு ஒன்றைச் சரித்து வைத்த பிறகே மூக்கும் இமையும் எழுந்து வந்தன.

2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும், அதையடுத்துத் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது கூடத்தில் ஓரடித் தண்ணீர் நின்றது. வண்டிப்பாளையத்தில் வாங்கிய கொலு பொம்மைகள் அடித்தட்டில் இருந்தபடியே ஊறி வண்ணம் இழந்தன. பாவை விளக்கை மாடிக்குக் கொண்டுபோனோம். திட்டு உயரமாக இருந்ததால் சுடுமண் பெண் தப்பினாள். கருங்கல் நின்ற இடத்திலேயே நின்றது. வடிந்தபின் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் சுடுமண்ணையே சொல்வேன். மூன்றிலும் விலை குறைந்ததும், அதிகம் தொல்லை தந்ததும் அதுதான். அம்மா இப்போது நாள்தோறும் காலையில் அந்த முறத்தில் ஒரு கை நொய் போடுகிறார். அணில் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போகிறது. அது விட்டுப்போகும் கறையைத் துடைப்பதுதான் தற்போதைய பராமரிப்பு வேலை.