இருவர் மட்டும் போகும் மாலை: பக்கத்துத் தெரு உணவகத்தை எடைபோடும் விதம்

இருவர் மட்டும் நிதானமாகப் பேசிச் சாப்பிட இடம் தேடுகிறீர்கள் என்றால் நட்சத்திர மதிப்பெண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அந்த மதிப்பெண் பெரும்பாலும் ருசிக்கும் பரிமாறும் வேகத்துக்கும் கிடைப்பது. குடும்பமாக வந்து, வேகமாகச் சாப்பிட்டு, திருப்தியாகக் கிளம்புகிறவர்களுக்கு ஏற்ற உணவகம் அதில் நன்றாகவே மேலே வரும். அதே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்: "வேற ஏதாவது வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கேட்காமலேயே பில்லைக் கொண்டுவந்து வைப்பார்கள். ருசி வேண்டும்தான். ஆனால் இந்த மாலைக்கு அது மூன்றாவது இடத்தில்தான் வரும். முதலில் சத்தம், அடுத்தது எந்த டேபிள் என்பது.

ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து இருவர் இயல்பாகப் பேசும்போது குரல் சுமார் 60 டெசிபல் இருக்கும். அறையின் இரைச்சல் 70-ஐத் தாண்டும்போது குரலை உயர்த்தியாக வேண்டும். 75-க்கு மேல் போனால் "என்ன சொன்ன?" என்பதே பாதிப் பேச்சாகிவிடும். இரைச்சல் ஏற ஏற மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விவரித்தார். அந்த விளைவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. உணவகத்தில் அது சங்கிலியாக நடக்கும். பேசுகிறவர்கள் இரு மடங்கானால், எல்லோரும் அதே குரலில் பேசினாலும் 3 டெசிபல் கூடும். அதற்கு ஈடுகட்ட ஒவ்வொரு டேபிளும் குரலை ஏற்றுவதால் உண்மையில் அதைவிட அதிகமாகவே ஏறிவிடும். அதனால்தான் ஏழு மணிக்கு அமைதியாக இருந்த இடம் எட்டரைக்குச் சந்தையாகிவிடுகிறது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். தளத்தில் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே மூடாத கான்கிரீட் என்றால் எழும் ஒலி அடங்க இடமே இல்லை. கனமான திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, துணி விரித்த டேபிள், மேல்தளத்தில் ஒலியை உறிஞ்சும் பலகை என இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் நம்பிப் போகலாம். ஆளில்லாத பிற்பகலில் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்காமல் இழுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. போனில் டெசிபல் அளக்கும் ஆப் வைத்து அளப்பதும் உதவும். சில டெசிபல் முன்பின் காட்டும் என்றாலும் இரண்டு கடைகளை ஒப்பிட அது போதும். ஆனால் நீங்கள் போகப்போகும் கிழமையில், போகப்போகும் நேரத்தில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. திறந்த சமையலறை பார்க்க அழகுதான். ஆனால் புகைபோக்கி விசிறியின் இரைச்சலும் பாத்திரச் சத்தமும் சேர்ந்தே வரும்.

டேபிளுக்கு வருவோம். பக்கத்து டேபிளுக்கு ஒரு சாண் இடைவெளிதான் என்றால் அது நால்வர் உரையாடல். இடையில் 60 சென்டிமீட்டராவது வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் பலகை 60 முதல் 70 சென்டிமீட்டர் அகலம் இருப்பதே சுகம். "நாலு பேர் டேபிளே தருகிறோம், தாராளமாக உட்காருங்கள்" என்பார்கள். அதை ஏற்றால் எதிரெதிரே உட்காராமல் மூலையை ஒட்டி, ஒருவர் நீளப் பக்கத்திலும் மற்றவர் அகலப் பக்கத்திலும் உட்காருங்கள். முகம் பார்க்கவும் முடியும், தணிந்த குரலும் கேட்கும். உங்களில் ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றால் அவரைச் சுவரில் முதுகு சாய்த்து உட்காரவையுங்கள். பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும்.

போனில் முன்பதிவு செய்யும்போது "நல்ல டேபிள் கொடுங்க" என்று கேட்டால் பயனில்லை. அவர்களுக்கு எல்லாமே நல்ல டேபிள்தான். "சுவரோரம், இரண்டு பேர் டேபிள், கிச்சன் கதவு, கழிவறைப் பாதை, வாசல், ஏசி காற்று நேரே படும் இடம் வேண்டாம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். தலைக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கிறதா, கண்ணெதிரே டிவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓடுகிற டிவி எதிரே இருந்தால் எவ்வளவு அன்பானவர்களுடைய கண்ணும் அங்கேதான் போகும்.

வெளிச்சத்தைப் பலர் அளவில் மட்டும் பார்க்கிறார்கள். திசைதான் பெரிய விஷயம். உச்சந்தலைக்கு மேலிருந்து விழும் ஸ்பாட் லைட் கண்ணுக்குக் கீழே நிழல் போட்டு, முகத்தைக் களைப்பாகக் காட்டும். பக்கவாட்டுச் சுவர் விளக்கும் டேபிள் மேல் சிறு விளக்கும் முகத்துக்கு நல்லது. நிறம் 2700 கெல்வின் அளவில், இளமஞ்சளாக இருக்கட்டும். மெனு படிக்க போன் டார்ச் தேவைப்படும் அளவுக்கு இருட்டாக இருந்தால் அது நெருக்கத்தைத் தராது, எரிச்சலைத்தான் தரும். கடை வெளியிடும் படங்களில் இது தெரியாது. வாடிக்கையாளர்கள் இரவில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். விமர்சனங்களிலும் "சத்தம்", "அவசரம்", "காத்திருந்தோம்" என்ற சொற்களைத் தேடி, புதியவற்றை முதலில் படியுங்கள். சமையல்காரரும் மேலாளரும் மாறியிருந்தால் இரண்டு வருடத்துக்கு முந்தைய பாராட்டு வேறொரு கடையைப் பற்றியது.

நேரம் குறித்து ஒரே கேள்வி: "டேபிள் எவ்வளவு நேரம் எங்களுடையது?" பல இடங்களில் இருவர் டேபிளுக்கு 90 நிமிடம்தான். அப்படியென்றால் அன்றிரவின் கடைசி நேரப் பிரிவுக்குப் பதிவு செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். கிச்சன் மூடும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது போய்ச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆர்டர் செய்தால் எல்லாம் ஒரேயடியாக வந்து டேபிளை அடைத்துக்கொள்ளும். முதல் சுற்றை மட்டும் சொல்லிவிட்டு, "அடுத்ததைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறோம்" என்பது போதும். அதற்கு முகம் சுளிக்கிற கடைக்கு மறுபடி போகவேண்டியதில்லை.

பஃபே இந்த மாலைக்கு ஒத்துவராது. ஒருவர் எழுந்தால் மற்றவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நேரடி இசை உள்ள இடம், பேச்சு தீர்ந்துபோன ஜோடிக்குச் சரி, பேச வந்தவர்களுக்கு இல்லை. மொட்டைமாடி உணவகத்தில் கூரை இல்லாததால் எதிரொலி குறைவு, அது உண்மையிலேயே பெரிய லாபம். காற்றும் மழையும் வந்தால் உள்ளே இடம் தருவார்களா என்று மட்டும் கேட்டுவையுங்கள். புதிதாகத் திறந்த கடையை முதல் சில வாரங்களுக்குத் தவிர்க்கலாம், கிச்சனும் பரிமாறுபவர்களும் ஒத்திசைய அவ்வளவு நாளாகும். காதலர் தினம் போன்ற நாட்களில் கூடுதல் டேபிள்களை நெருக்கிப் போட்டு, நிர்ணயித்த மெனுவை மட்டும் தருவது பரவலாக நடக்கிறது. அதே கடையில் அதற்கு முந்தைய செவ்வாயோ புதனோ போனால் மெனு முழுவதும் கிடைக்கும், கவனிப்பும் கிடைக்கும்.

இருவரில் ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தால் அதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். டேபிளில் உட்கார்ந்து ஒவ்வொரு பதார்த்தமாக விசாரிப்பது இருவருக்குமே சங்கடம். பில்லை நீங்களே கட்ட நினைத்தால், வந்ததும் கைகழுவப் போகிற சாக்கில் கவுண்டரில் சொல்லிவையுங்கள். கேட்கும்வரை பில் கொண்டுவர வேண்டாம் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லிவிடலாம்.