லாக்டெப்: உறையாமலே உறைவைக் காட்டிக்கொடுத்த கருவி

எங்கள் கேமரா டிரைவர் பத்து நாளைக்கு ஒரு தடவை உறைந்துபோகும். பெரும்பாலும் ராத்திரி டெஸ்ட் ஓடும்போதுதான். காலையில் வந்து பார்த்தால் ஒரே ப்ராசஸின் இரண்டு த்ரெட் ‘டி’ நிலையில், அதாவது எழுப்ப முடியாத தூக்கத்தில் நிற்கும். வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 போட்டாலும் அசையாது. கெர்னலிலிருந்து செய்தி அச்சிடும் பிரிண்ட்கே வரிகளைச் சேர்த்துத் தேடினால் டைமிங் மாறி உறைவதே நின்றுவிடும். எடுத்தால் மறுபடி வரும். மூன்று வாரம் இப்படிப் போன பிறகுதான், லாக்குகள் பிடிக்கப்படும் வரிசையைக் கண்காணிக்கும் லினக்ஸ் கெர்னல் கருவியான லாக்டெப்பைப் போட்டேன்.

கருவி புதிது இல்லை. இங்கோ மோல்நார் எழுதியது, 2006-ல் லினக்ஸ் 2.6.18-ல் சேர்ந்தது. கெர்னலை, இதை இயக்கும் ப்ரூவ்_லாக்கிங் ஆப்ஷன் வைத்து பில்ட் செய்தேன். போர்டு பூட் ஆனதும் கேமரா ஆப்பை ஒரே ஒரு முறை திறந்து மூடினேன். கெர்னல் பதிவான டிமெசேஜில் ‘பாசிபிள் சர்க்குலர் லாக்கிங் டிபெண்டன்சி’ (லாக்குகள் ஒன்றையொன்று சுற்றிக் காத்திருக்கலாம்) என்று நீளமாக வந்து விழுந்தது. போர்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது!

விஷயம் இதுதான். ஆப் டிரைவரிடம் கேட்கும் வழியான எங்கள் ஐஆக்டல், டிரைவரின் மியூட்டெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கும் லாக்) பிடித்துக்கொண்டே காப்பி_டு_யூசர் செய்கிறது, அதாவது ஆப்பின் மெமரிக்கு விவரத்தை எழுதுகிறது. எழுதும் மெமரிப் பக்கம் (பேஜ்) அப்போது மெமரியில் இல்லையென்றால், அதைக் கொண்டுவர பேஜ் ஃபால்ட். அதற்கு ப்ராசஸின் மெமரி வரைபடத்தைக் காக்கும் எம்மேப்_லாக் வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு த்ரெட், டிரைவரின் மெமரியைத் தன்னோடு இணைக்க எம்மேப் கூப்பிட்டால், கெர்னல் எம்மேப்_லாக்கை முதலில் பிடித்துவிட்டு எங்கள் டிரைவருக்குள் வருகிறது. அங்கே நாங்கள் மியூட்டெக்ஸைக் கேட்கிறோம். ஒருவர் கையில் இருப்பதற்காக இன்னொருவர் காத்திருக்க, இரண்டும் நின்றுபோகும்.

இந்த இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும் என்று லாக்டெப் காத்திருப்பதில்லை. எந்த லாக்குக்குப் பிறகு எந்த லாக் என்ற வரிசையைக் குறித்துவைக்கிறது. எதிர் வரிசையை ஒரு தடவை பார்த்தாலே சொல்லிவிடும். பேஜ் ஃபால்ட் நடக்கக்கூட வேண்டாம். காப்பி_டு_யூசருக்குள் ‘இங்கே பேஜ் ஃபால்ட் வரலாம்’ என்று இருக்கும் மைட்_ஃபால்ட் குறிப்பே போதும். டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் ஆப்ஷனையும் சேர்த்தே போடுங்கள், அந்தக் குறிப்பு முழுதாக வேலை செய்ய அது வேண்டும்.

திருத்தம் நான்கு வரிதான். விவரத்தை மியூட்டெக்ஸுக்குள் ஒரு லோக்கல் ஸ்ட்ரக்டில் எடுத்து, மியூட்டெக்ஸை விட்ட பிறகு யூசருக்குக் காப்பி செய்தேன்.

குறை இல்லாமல் இல்லை. முதல் புகாரைச் சொன்னதும் அடுத்த ரீபூட் வரை வாயை மூடிக்கொள்ளும். வேறு யாரோ ஒருவரின் டிரைவர் முந்திக்கொண்டால் நம் பிழை தெரியாது. சோர்ஸ் தராத மாட்யூல் ஒன்றை லோட் செய்தாலும் அணைந்துவிடும். எனக்கு இரண்டு நாள் வீணானது அதனால்தான். வேகமும் நன்றாகவே குறையும், அதனால் டெஸ்ட் போர்டோடு சரி. டெஸ்டில் ஓடாத கோட் பகுதியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அப்புறம், இருவர் ஒரே நேரத்தில் மோதும் எல்லா ரேஸ் பிழையும் இதில் சிக்காது. 2007-ன் 2.6.22 முதல் இருந்து 2016-ல் பிடிபட்ட லினக்ஸ் பாதுகாப்புப் பிழையான டர்ட்டி கௌவில் லாக் வரிசை தப்பே இல்லை. லாக்கை விட்டு மறுபடி பிடிக்கும் இடைவெளியில், மெமரிப் பக்கத்தை விட்டுவிடச் சொல்லும் எம்அட்வைஸ் அழைப்பு புகுந்து, காப்பி செய்த பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடும். லாக்கே பிடிக்காமல் இருவர் ஒரே மாறியைத் தொடுவதைப் பிடிக்க, லினக்ஸ் 5.8-ல் வந்த கேசிசான் என்ற இன்னொரு கருவி வேண்டும்.

அப்படியும் எங்கள் டெஸ்ட் போர்டில் இதை இனி எடுக்கப்போவதில்லை. காலையில் ரிசல்ட்டைத் திறக்கும் முன் கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் லாக்டெப்_ஸ்டாட்ஸைப் பார்க்கிறேன். டீபக்_லாக்ஸ் வரியில் 1 இருந்தால் ராத்திரி முழுக்க விழித்திருந்தது. 0 என்றால் ரிசல்ட்டை ஒதுக்கிவைத்து, முதலில் டிமெசேஜைப் படிக்கிறேன்.