ப்ராசசர் மாற்றியபின் திரை எழவில்லையா? பயாஸ், அதே தலைமுறை சிப், புது போர்டு: மூன்றில் எது?

பழைய டெஸ்க்டாப்பில் ப்ராசசரை மாற்றிவிட்டு பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. அல்லது சில விநாடி ஓடி அணைந்து, தானாகவே மறுபடி கிளம்புகிறது. இங்கிருந்து மூன்று வழிகள் உண்டு. பயாஸை, அதாவது கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் போர்டிலுள்ள மென்பொருளைப் புதுப்பிக்கலாம். வாங்கிய சிப்பைத் (ப்ராசசரை) திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்டுக்கு (மதர்போர்டுக்கு) ஏற்கெனவே தெரிந்த தலைமுறையிலேயே பெரிய சிப்பாகத் தேடலாம். போர்டையே மாற்றலாம்.

எதில் இறங்கினாலும் அதற்கு முன் பழைய சிப்பை மறுபடி மாட்டிப் பாருங்கள். பழையது ஓடினால் பிரச்சினை பெரும்பாலும் பொருத்தம் சார்ந்தது. அதுவும் ஓடவில்லை என்றால் கழற்றி மாட்டியதில்தான் ஏதோ ஆகியிருக்கிறது: ப்ராசசருக்கான 4 பின் பவர் கேபிள் செருகாமல் விட்டிருக்கலாம், ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம். வளைந்த பின் எப்போதும் முழுதாகப் படுக்க வைக்காது; சில நேரம் ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் காணாமல் போகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பயாஸில் கை வைப்பது வீண் வேலை.

சரி, பழைய சிப் ஓடுகிறது. இனி ஒப்பிடுவதற்கு, ப்ராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டுகளில் இன்டெலின் எல்ஜிஏ 1155-ஐ எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ் என்ற இரண்டு ப்ராசசர் தலைமுறைகளும் இதே சாக்கெட்டில் உட்காரும். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது: உட்காரும் என்பதாலேயே ஓடிவிடாது. எச்61 சிப்செட் (போர்டின் மற்ற பாகங்களை ப்ராசசரோடு இணைக்கும் சிப்) கொண்ட போர்டில் ஐவி பிரிட்ஜ் ஓட வேண்டுமென்றால் அதற்கேற்ற பயாஸ் வேண்டும். கூடவே இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின் (சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதி) ஃபர்ம்வேரும் 7-ஆம் பதிப்பிலிருந்து 8-க்கு ஏற வேண்டும். பலர் பயாஸை மட்டும் ஏற்றிவிட்டு இந்த இரண்டாவது படியைத் தவறவிட்டு, சிப்பைக் குறை சொல்வார்கள். க்யூ65, க்யூ67, பி65 சிப்செட்டுகளுக்கோ ஐவி பிரிட்ஜ் ஆதரவை இன்டெல் அதிகாரபூர்வமாகத் தரவே இல்லை. அலுவலகங்களுக்கென்று விற்ற பிராண்டட் கம்ப்யூட்டர்களில் இந்த சிப்செட்டுகள் நிறையவே உண்டு.

ஆக, பயாஸ் வழி யாருக்கு? தனியாக விற்ற எச்61 அல்லது எச்67 போர்டு, தயாரிப்பாளரின் சிபியு பட்டியலில் உங்கள் சிப்பின் பெயர், அதற்கு நேரே குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு. இந்த மூன்றும் இருந்தால் தயங்க வேண்டாம். பழைய சிப்பை மாட்டியபடியே அப்டேட்டை முடித்து, பிறகு சிஎம்ஓஎஸ் க்ளியர் செய்து (சேமித்த பயாஸ் அமைப்புகளை அழித்து), அப்புறம் புதியதை மாட்டுங்கள். பழைய பதிப்பிலிருந்து நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாத போர்டுகளும் உண்டு. இடையில் ஒரு பதிப்பை ஏற்றச் சொல்லும் குறிப்பு டவுன்லோட் பக்கத்திலேயே இருக்கும், படியுங்கள். இந்த வழியின் ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது: நடுவில் மின்சாரம் போனால் போர்டே படுத்துவிடலாம். யுபிஎஸ் இல்லாமல் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழியைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐவி பிரிட்ஜின் ஐ7-3770, சாண்டி பிரிட்ஜின் ஐ7-2600 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட், 8 எம்பி கேஷ், 3.4 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். டர்போவில் (தற்காலிக உச்ச வேகத்தில்) 3770-க்கு 3.9, 2600-க்கு 3.8. 3770 22 நானோமீட்டர், 77 வாட். 2600 32 நானோமீட்டர், 95 வாட். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸில்தான்: 3770-இன் எச்டி 4000 டைரக்ட்எக்ஸ் 11 வரை போகும், 2600-இன் எச்டி 2000 10.1-லேயே நின்றுவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதுவும் கணக்கில் வராது. சாண்டி பிரிட்ஜில் ஐ3 வைத்திருப்பவர் ஐ7-2600-க்குப் போனால், பயாஸைத் தொடாமலே கோர் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. பிராண்டட் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே எச்சரிக்கை, 65 வாட் சிப்போடு வந்த சின்ன ஹீட்சிங்க் 95 வாட்டுக்குப் போதாமல் போகலாம். கம்ப்யூட்டர் எழும், வேலை கூடும்போது சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்கிரேட் செய்தும் வித்தியாசமே தெரியவில்லை என்பவர்கள் முதலில் வெப்பநிலையைப் பார்க்கட்டும்.

திரை வராததற்குப் பொருத்தமே காரணமாக இல்லாத ஒரு வகையும் உண்டு. ஸீயான் இ3-1230 வி2 போன்ற சிப்பில் கிராஃபிக்ஸே கிடையாது. மானிட்டர் கேபிள் போர்டில் செருகியிருந்தால் எத்தனை முறை அப்டேட் செய்தாலும் கருப்புத் திரைதான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பக்கம் ரைசன் 5 5600-உம் அப்படியே. 5600ஜி-யில் கிராஃபிக்ஸ் உண்டு.

ஏஎம்4 என்றதும், அங்கே பயாஸ் வழி இன்னும் வலுவானது. 2017-இல் வந்த 300 வரிசை போர்டுகளில் பலவற்றுக்கு 2022-இல் ரைசன் 5000 ஆதரவு கிடைத்தது. ஆனால் சில போர்டுகளின் பயாஸ் சிப்பில் இடம் போதாமல், புதிய ப்ராசசர்களைச் சேர்க்கும்போது மிகப் பழையவற்றை நீக்கிவிட்டார்கள். அதாவது அப்டேட்டுக்குப் பின் உங்கள் பழைய சிப் ஓடாமல் போகலாம். திரும்பி வரும் பாதை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் ரெகவரி கீயை எடுத்து வைத்து, அதை சஸ்பெண்ட் செய்துவிட்டு சிப்பை மாற்றுங்கள். மாற்றியதும் எஃப்டிபிஎம்-ஐ (பூட்டின் சாவியைக் காக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று பயாஸ் கேட்கலாம். சஸ்பெண்டும் செய்யாமல், கீயும் கையில் இல்லாமல் சம்மதித்தால் டிஸ்க் பூட்டியபடியே நிற்கும்.

போர்டை மாற்றுவது எப்போது? 1155 போர்டு வைத்திருப்பவருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. இன்டெலில் சுமாராக 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 என்று அங்கிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. 1155 சாக்கெட்டில் எந்த சிப்பும் தேறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனால் செலவு போர்டோடு நிற்காது. டிடிஆர்3 ரேம் புது போர்டில் ஏறாது. பிராண்டட் பெட்டியாக இருந்தால் பவர் சப்ளையின் கனெக்டரும் கேபினட்டின் திருகு துளைகளும்கூடப் பொருந்தாமல் போகலாம். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் (தயாரிப்பாளரே போட்டுத் தந்த) விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது, அது புதியதற்கு வராது. தனியாக வாங்கிய லைசென்ஸ் என்றால், பழைய போர்டைக் கழற்றும் முன்பே அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு இணைத்துவிடுங்கள்.