காலை ஐந்தரை மணி தியானச் செய்தி: எஸ்டேட் காதுக்கு ஏற்றதா?

மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் சபைப் போதகர் ஒருவர், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 5:30 மணிக்கு வாட்ஸ்அப்பில் தியானச் செய்தி அனுப்புகிறார். கட்டணம் கிடையாது. ஒவ்வொன்றும் 6 முதல் 8 நிமிடம். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்புமுன் சோறு கட்டும் நேரத்தில் கேட்டு முடிக்கட்டும் என்று போட்ட கணக்கு, சரியான கணக்குதான். ஏழு நிமிட வாய்ஸ் நோட் ஒரு எம்பிக்கு அக்கம்பக்கம்தான் வரும், ஒற்றைக் கோடு சிக்னல் உள்ள லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) இறங்கிவிடும். சனிக்கிழமை மட்டும் வீடியோ. அது முப்பது எம்பியைத் தாண்டுவதால் எஸ்டேட்டின் பாதி டிவிஷனில் (பிரிவுகளில்) சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதையும் ஆடியோவாகவே தரலாம். போதகர் முகத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வேத வாசிப்பு, பிறகு நாட்டு நடப்பு ஒன்றைப் பற்றி நான்கு நிமிடப் பேச்சு, கடைசியில் ஒன்றரை நிமிட ஜெபம். இந்த வகைச் செய்திகள் வழக்கமாகக் கெட்டுப்போவது நடுப்பகுதியில்தான். பேப்பரில் ஒரு தலைப்பை எடுத்து மத்தேயு 24-ஐ அதன்மேல் ஒட்டி, கடைசிக்காலம் என்று முத்திரை குத்தினால் நேரம் நிரம்பிவிடும். இவர் அப்படி நிரப்புவதில்லை.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியின் நினைவுநாள் செய்தியே இதற்குச் சாட்சி. 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் மண்ணுக்கடியில் போய் 70 பேர் பலியான உருள்பொட்டல் அது. (அவரும் உருள்பொட்டல் என்றுதான் சொல்கிறார், நிலச்சரிவு என்று அல்ல. இங்கே அந்தச் சொல்தான் வயிற்றைக் கலக்கும்.) வாசித்தது லூக்கா 13: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர். மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, “அப்படியல்ல” என்று தாமே பதிலும் சொல்கிறார். பிரசங்கிகள் பலர் அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, அதே வசனத்தில் அடுத்து வரும் “நீங்கள் மனந்திரும்பாமற்போனால்” என்பதற்குத் தாவிவிடுவார்கள். செத்தவர்கள் தலையில் பழி ஏறுவது அந்தத் தாவலில்தான். இவர் “அப்படியல்ல” என்பதில் இரண்டு நிமிடம் நின்றார். மனந்திரும்பவேண்டியது உயிரோடு இருப்பவர்கள், ஆற்றோரச் சரிவில் வீடு கட்டிக் குடிவைத்தவர்களும் அதில் சேர்த்தி என்றார்.

ஒரே குறை, அதற்குப் பின் வந்த மௌனம். ஆலயத்தில் இருபது விநாடி அமைதி என்றால் எல்லோருக்கும் புரியும். போனில் இருபது விநாடி சத்தமில்லை என்றால் நெட் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். “இருபது விநாடி அமைதியாக இருப்போம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

சங்கீதம் 121-ஐக் கையாண்ட விதமும் நன்று. “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்” என்ற பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டால் மலையே உதவி தருவதுபோல இருக்கும். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலோ அது கேள்வி: “எங்கிருந்து எனக்கு உதவி வரும்?” இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, மழைக்காலத்தில் மலையை அண்ணாந்து பார்ப்பவன் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறான் என்றார். ஆனால் மலையாளம் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பர்வதம் தடையில்லை, ஒத்தாசைதான் இடறுகிறது. மலையாளப் பத்திரிகைகளில் ‘ஒத்தாச’ என்பது பெரும்பாலும் தப்புக்குத் துணைபோவது. ஒரு வரி விளக்கம் கொடுத்திருக்கலாம்.

கூலி விஷயத்தில்தான் கால் பின்வாங்குகிறது. 2015-இல் மூணாறு தேயிலைத் தொழிலாளர் இயக்கமான பொம்பிளை ஒருமைப் பெண்கள் 20 சதவீத போனஸுக்காக ரோட்டில் உட்கார்ந்ததைத் துணிச்சலாகச் சொன்னார். யாக்கோபு 5:4, பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்பதையும் வாசித்தார். ஜெபத்துக்கு வந்ததும் “இரு தரப்பாருக்கும் நல்ல மனதைத் தாரும்” என்று வழுவழுப்பாக முடித்துவிட்டார். யாக்கோபு இரு தரப்பைப் பற்றியா பேசுகிறார்?

முல்லைப்பெரியாறு செய்தி அதைவிட நிதானம். 1895-இல் கட்டி முடித்த அணை, உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த நீர்மட்டம் 142 அடி என்பதைச் சொல்லி, தேனிப் பக்கத்து வயலுக்கும் பெரியாற்றங்கரை வீட்டுக்கும் ஒரே மூச்சில் ஜெபித்தார். எரேமியா 29:7-ஐ மட்டும் தவிர்த்திருக்கலாம். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம். நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் எஸ்டேட் தமிழர்களுக்குக் கேரளம் பாபிலோன் இல்லை.

வியாதிப்பட்டவர்களுக்கான ஜெபத்தில் பேரையும் நோயையும் சேர்த்துச் சொல்கிறார். ஆலயத்தில் நாற்பது பேர் கேட்பது வேறு, ஃபார்வர்டாகி ஊரெல்லாம் சுற்றுவது வேறு. பேர் போதும், நோய் வேண்டாம்.

இதைவிட அவசரமானது தேதி. தொடக்கத்தில் தேதி சொல்லும் பழக்கம் இல்லை. மழைநாளில் “இன்று அணை திறக்கிறார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிப்போம்” என்று பதிவான செய்தி அடுத்த வருடமும் சுற்றினால் லயம் முழுக்க மூட்டை கட்டும். முதல் வாக்கியத்திலேயே நாள், மாதம், வருடம் வரவேண்டும். தகரக்கூரையின் கீழ் பதிவு செய்வதால் ஜூன், ஜூலைச் செய்திகளில் பாதி மழைச் சத்தம். போனை மேசைமேல் வைக்காமல் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசினால் முக்கால்வாசி அடங்கும்.

சேர நினைப்பவர்கள் முதலில் அவர் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்யவேண்டும். அவர் அனுப்புவது குரூப்பில் அல்ல, பிராட்காஸ்ட் லிஸ்டில். நம்பர் சேவ் ஆகாத போனுக்குச் செய்தி வராது, வரவில்லை என்று அவருக்கும் சட்டெனத் தெரியாது. “போதகர் நம்மளை விட்டுட்டார்” என்ற மனத்தாங்கல் பலவற்றுக்குக் காரணம் இதுதான். ஒரு லிஸ்டில் 256 பேர்தான் அடங்குவார்கள் என்பதால் இரண்டாவது லிஸ்டுக்குச் செய்தி சில நிமிடம் பிந்தி வரும். ‘ஆமென்’ என்று பதில் போட்டால் குரூப்போல எல்லோருக்கும் போகாது, அவருக்கு மட்டும் போகும். தினம் இருநூறு ஆமெனுக்கு நடுவே ஒருவரின் உண்மையான ஜெப விண்ணப்பம் புதைந்துபோகும். நேரம் இல்லாதவர்கள் வாசிப்பையும் பேச்சையும் 1.5 வேகத்தில் கேட்கலாம். ஜெபம் தொடங்கும்போது மறக்காமல் 1-க்கு மாற்றிவிடுங்கள்.