உச்சி வெயிலும் ஒரு சின்ன ஃபிளாஷும்: பழைய காம்பாக்ட்டா, புதிய மிர்ரர்லெஸ்ஸா?

என் பழைய காம்பாக்ட் கேமரா பழுதுபார்க்கும் கடையிலிருந்து வீடு திரும்பிவிட்டது. எவ்வளவு செலவானது என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அலமாரியில் லென்ஸை மாற்றி மாட்டக்கூடிய புதிய மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று இருக்கும்போது, பத்து வயது தாண்டிய இந்தக் கிழத்துக்கு ஏன் காசைக் கொட்டினாய் என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன். இரண்டையும் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா என்று மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைந்தாகிவிட்டது. வாங்கிய வாரத்து மயக்கம் எதுவும் இப்போது என்னிடம் இல்லை.

இரண்டும் எந்த நிறுவனத்தின் கேமராக்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்; ஒவ்வொருவரும் தன் கட்சிக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். காம்பாக்ட், ஒரு அங்குல சென்சார் வகையைச் சேர்ந்தது; சென்சார் என்பது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 தொடங்கிவைத்து, பிறகு கேனான் ஜி7 எக்ஸ் போன்றவை பின்தொடர்ந்தனவே, அந்தக் கூட்டம். சட்டைப் பையில் அடங்கும். மிர்ரர்லெஸ், ஏபிஎஸ்-சி என்னும் பெரிய அளவுச் சென்சார் கொண்டது; கூடவே ஒரு சாதாரண ஜூம் லென்ஸும், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் எஃப்1.8 லென்ஸ் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன், பிறகு கோபப்பட வசதியாக இருக்கும். புதிய கேமராவின் சென்சார் பரப்பளவில் பழையதைப்போல மூன்று மடங்கு. இரவில் அது அப்படியே தெரிகிறது. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நள்ளிரவுக்கு மேல் சாமியாடிகள் தீப்பந்தத்தோடு வருவார்கள். அந்த நேரத்தில் ஃபிளாஷ் அடிப்பது அநாகரிகம். அடித்தால் பந்த வெளிச்சமும் செத்துப்போகும். பழையதில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 1600ஐத் தாண்டினாலே படம் மணல்மணலாகிவிடும். புதியதில் 6400 வைத்துக் கூசாமல் எடுக்கிறேன், முகத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருப்பதுகூடத் தெரிகிறது. ஓடும் குழந்தையின் கண்ணைத் தானாகப் பிடித்துக்கொண்டு விடாமல் துரத்துகிறது. பழையதோ, அந்தப் பிள்ளை ஓடி முடித்துச் சோறு உண்ண உட்கார்ந்த பிறகுதான் ஃபோகஸ் கிடைத்துவிட்டதாகப் பச்சைக் கட்டம் காட்டும். வியூஃபைண்டர், பேட்டரி, வீடியோ எல்லாவற்றிலும் புதியதே மேல். இதில் வாதம் கிடையாது.

வாதம் உள்ள இடம் ஒன்றே ஒன்று: பகல் பன்னிரண்டு மணி.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குப் பங்குனி உத்திரம் என்றால் குலதெய்வமான சாஸ்தாவைப் பார்க்கப் போகிற நாள். எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கள் சாஸ்தா இருப்பது தேரிக்காட்டில். திருச்செந்தூருக்கு மேற்கே விரிந்து கிடக்கிற அந்தச் செம்மண் மேட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் வெயில் தெரியும். மேலே இருந்தும் அடிக்கும், தரையிலிருந்தும் திருப்பி அடிக்கும். பொங்கல் பொங்கி, மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். குத்துவது ஓலைப் பந்தலுக்குள். பந்தலுக்குப் பின்னால் கண்ணைப் பறிக்கிற செம்மண் வெளி. எங்கள் ஆட்களின் நிறமும் நல்ல கறுப்பு. கேமராவிடம் விட்டுவிட்டால் ஒன்று, முகங்கள் கரிக்கட்டை ஆகும். அல்லது முகம் தெரியும், பின்னால் தேரி முழுவதும் வெள்ளைத் தாளாகும். போனில் எடுத்தால் இரண்டையும் கலந்து சமன்செய்து தரும், ஆனால் முகத்தில் சாம்பல் பூசியதுபோல ஒரு மந்தம் வந்துவிடுகிறது. மாமன் முகத்தில் வேர்வை மினுங்குவதுதானே அழகு, அது போயே போய்விடும்.

இந்த இடத்தில்தான் பழைய காம்பாக்ட் தன் தலையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு ஃபிளாஷ் ஒன்றை டக்கென்று நிமிர்த்துகிறது. வெயிலில் ஃபிளாஷா என்று சிரிப்பார்கள். அடித்துக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடும். பின்னால் தேரி தேரியின் நிறத்திலேயே இருக்கும், வானம் நீலமாக இருக்கும், முகங்கள் உயிரோடு இருக்கும், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கும். வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விளம்பரத்திலும் இல்லை.

காரணம், வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை அளக்கும் ஷட்டரில் இருக்கிறது. மிர்ரர்லெஸ்ஸில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள். முதல் திரை விலகும், இரண்டாவது வந்து மூடும். வேகம் 1/200 விநாடி அளவில் இருக்கும்வரை, முழுச் சென்சாரும் திறந்திருக்கும் ஒரு கணம் கிடைக்கிறது. ஃபிளாஷ் அந்தக் கணத்தில் வெடிக்கும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் முதல் திரை போய்ச் சேருவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். வெளிச்சம் உள்ளே வருவது நகரும் ஒரு கீற்று வழியாக மட்டும். ஃபிளாஷ் அடித்தால் அந்தக் கீற்று இருந்த இடத்தில் மட்டும் விழும். அதனால்தான் கேமரா அந்த வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது. காம்பாக்ட்டிலோ ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சின்னத் தகடுகள் இதழ்போல விரிந்து மூடும். விரிந்தால் முழுப் படமும் ஒரே நேரத்தில் வெளிச்சம் பெறும். ஆகவே 1/2000 விநாடியிலும் ஃபிளாஷ் அடிக்கலாம்.

இதனால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு வெயிலில், ஐஎஸ்ஓ 100, 1/200 விநாடி என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப்11 வரை சுருக்க வேண்டும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்). அவ்வளவு சிறிய துவாரத்தின் வழியே ஃபிளாஷ் வெளிச்சமும் நுழைந்தாக வேண்டும். அதற்குப் பெரிய ஃபிளாஷ் தேவை. காம்பாக்ட்டில் 1/2000 வைத்தால் எஃப்4 போதும். வெயிலை வேகத்தால் கட்டுப்படுத்திவிட்டோம்; ஃபிளாஷுக்குக் கதவு அகலத் திறந்தே இருக்கிறது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வலு உள்ள ஃபிளாஷே அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டு மூன்று அடி தூரத்தில் நின்றால் அந்த நகத்தளவு விளக்கு சூரியனோடு மல்லுக்கு நிற்கிறது, ஜெயிக்கவும் செய்கிறது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். என் புதிய கேமராவில் உள்ளே பொருத்திய ஃபிளாஷே இல்லை. 'தீவிரப் பயனாளர்களுக்கானது' என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்களாம். தனி ஃபிளாஷ் வாங்கித் தலையில் மாட்ட வேண்டும். மாட்டினேன். 1/200ஐத் தாண்ட அதில் 'ஹைஸ்பீட் சிங்க்' என்று ஒரு முறை உண்டு: ஒரே அடியாக வெடிக்காமல், திரைக்கீற்று நகரும் நேரம் முழுவதும் படபடவென்று பலமுறை துடிக்கும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்படித் துடிப்பதிலேயே வலுவில் பெரும்பங்கு கரைந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு படம் சேர்ந்தாற்போல் எடுத்தால் ஃபிளாஷ் சூடேறி ஓய்வு கேட்கிறது. கேமரா, லென்ஸ், ஃபிளாஷ், அதற்கு நான்கு பேட்டரி என்று கழுத்தில் ஒரு கிலோவைக் கட்டிக்கொண்டு தேரியில் நடந்து பாருங்கள். காம்பாக்ட் கால் கிலோகூட வராது.

இந்தக் குறையை நீக்கிய மிர்ரர்லெஸ் கேமராக்கள் இல்லாமல் இல்லை. ஹாசல்பிளாட் 2016இல் கொண்டுவந்த எக்ஸ்1டி கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள் இருந்தது. எந்த வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம் என்பதே அதன் பெருமை. சோனி 2023இல் அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாகிறது. 1/80,000 விநாடிவரை ஃபிளாஷ் இசைந்து வரும் என்கிறார்கள். இரண்டும் பல லட்சம் ரூபாய்ச் சமாச்சாரம். அதே காரியத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் காம்பாக்ட் இத்தனை வருடமாக வாய் திறக்காமல் செய்துவந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, கேமரா உலகத்தின்மேல் கோபமும் வருகிறது.

அந்த ஃபிளாஷில் இன்னொரு வித்தையும் உண்டு. அது நிற்பது ஒரு கீல்மேல். ஆட்காட்டி விரலால் மெல்லப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் நேரே முகத்தில் அறையாமல் கூரைக்குப் போய்த் திரும்பி வரும். வெள்ளையடித்த சிமெண்ட் கூரை உள்ள வீட்டில் இது அற்புதம். ஆரத்தித் தட்டோடு நிற்கும் சித்திகள் எல்லோரும் பத்து வயது குறைந்து தெரிவார்கள். ஓட்டு வீட்டிலும் மர மச்சு உள்ள வீட்டிலும் பலிக்காது.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். இதழ் ஷட்டர் நாக்கைச் சொடுக்கும் அளவுகூடச் சத்தம் போடாது. புதியதில் மௌன ஷட்டர் வைத்திருக்கிறார்களே என்பீர்கள். வைத்திருக்கிறார்கள், அது சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை சிமிட்டும், நம் கண்ணுக்குத் தெரியாது, வரிவரியாகப் படிக்கிற சென்சாருக்குத் தெரியும். கல்யாண மண்டப மேடையில் மௌனமாக எடுத்த படங்களில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டிமேல் வரிக்குதிரைக் கோடுகள். 1/50 அல்லது 1/100 வைத்தால் கோடு மறைகிறது. ஆனால் அந்த வேகத்தில் தாலி கட்டும் கை அசைந்துவிடுகிறது. சரி, சத்தத்தோடே எடுப்போம் என்று எடுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரிய கேமராவோடு போனால் நான் மச்சானும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, ஸ்டுடியோக்காரன். "எங்களையும் ஒரு படம் எடுங்கள், பிரிண்ட் எப்போது தருவீர்கள்" என்று வரிசையில் நிற்கிறார்கள். காம்பாக்ட்டோடு போனால் யாரும் சட்டை செய்வதில்லை.

இத்தனையும் பேசிவிட்டு இதன் அழுக்கை மறைத்தால் சரியாக இருக்காது. உச்சி வெயிலில் மன்னன் என்றேனே, அதே வெயிலில் இதன் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது. துண்டால் தலையை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும், அல்லது சாஸ்தாமேல் பாரத்தைப் போட்டுவிட்டு அழுத்த வேண்டும். உடல் வழுக்கும், வேர்வைக் கையில் இன்னும் வழுக்கும். சார்ஜ் செய்ய இன்றைக்கும் அந்தப் பழைய மைக்ரோ யுஎஸ்பி ஒயரைத் தேட வேண்டும். எல்லாவற்றிலும் மோசம், நீண்டு சுருங்கும் லென்ஸ் குழல். நீளும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு தேரி மண்ணும் போகிறது. அந்த மண் குங்குமத்தைவிட மென்மையானது. போன உத்திரத்தில் காற்று கொஞ்சம் பலமாக வீசியது. குழல் பாதி நீண்டு, கரகரவென்று முனகி, அப்படியே நின்றுவிட்டது. மிர்ரர்லெஸ்ஸில் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றிச் சென்சாரை ஊதிவிடலாம். இதில் உள்ளே புகுந்த தூசியை எடுக்க முழுவதையும் பிரிக்க வேண்டும்.

கடைக்காரர் பிரித்தார். "அண்ணாச்சி, இதற்கு இப்போது புதுப் பாகம் வருவதில்லை. செத்துப்போன இன்னொன்றிலிருந்து குழலைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். இனி ஒருமுறை இப்படி ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள்" என்றார். பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

கேமரா கடையில் கிடந்த நாட்களில், மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்று பழைய சந்தையில் விலை விசாரித்தேன். தலை சுற்றியது. 2010இல் உலகம் முழுவதும் பத்துக் கோடிக்கு மேல் காம்பாக்ட் கேமராக்கள் அனுப்பப்பட்டன என்கிறது ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கு. 2023இல் அது இருபது லட்சத்துக்கும் கீழே. போன் தின்றுவிட்டது. தயாரிப்பை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு இளம்பிள்ளைகளுக்குப் பழைய டிஜிட்டல் கேமராவின்மேல் திடீர்க் காதல் பிறந்துவிட்டது. விளைவு, ஃபிளாஷ் எரிகிறதா என்றுகூடத் தெரியாத, கீறல் விழுந்த ஒன்றுக்கு அன்றைய புதுவிலையைக் கேட்கிறார்கள். நான் பேரம் பேசியவர் அதை 'விண்டேஜ்' என்றார். பத்து வருடத்துப் பொருள் விண்டேஜ் என்றால் என்னை என்னவென்று சொல்வார் என்று கேட்க நினைத்து, போனை வைத்துவிட்டேன்.

இந்த நேரத்தில் பார்த்து என் தங்கை மாப்பிள்ளை கூப்பிட்டார். மகளுக்கு அடுத்த உத்திரத்தில் காது குத்து. கேமரா வாங்க வேண்டும். "நீங்கள் எடுப்பீர்களே, அந்தச் சின்னதைப் போலவே ஒன்று பழையதாகக் கிடைத்தால் சொல்லுங்கள் அத்தான்" என்றார். இத்தனை பக்கம் புகழ்ந்து எழுதுகிற நான் அவரிடம் சொன்னது: வேண்டாம், மிர்ரர்லெஸ் வாங்குங்கள். பழையது வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தபோது குரலைக்கூட உயர்த்தினேன். அந்த விண்டேஜ்காரருக்கு என் குடும்பத்திலிருந்து ஒரு பைசா போகக் கூடாது. நாளைக்குக் குழல் சிக்கினால் பழுதுபார்க்க ஆளும் இல்லை, பாகமும் இல்லை. பிள்ளை வளர்ந்து ஓடத் தொடங்கினால் அந்த ஃபோகஸை நம்ப முடியாது. இதெல்லாம் உண்மைதான், ஆனால் விலை விசாரிக்காமல் இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வாங்குகிற மாடலில் உள்ளேயே ஃபிளாஷ் இருக்க வேண்டும், விற்பவர் எத்தனை பேசினாலும். 1/200க்கு மேல் போகாதுதான். பந்தலுக்குள், ஒன்றரை அடி கிட்டத்தில் போய் நின்றால் அதுவும் ஓரளவு தாங்கும்.

காது குத்துகிற நேரத்துக்கு மட்டும் என்னுடையதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். குழலைச் சுற்றி என்ன கட்டினால் மண் போகாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும்.