வீட்டு சார்ஜர்ல ஆம்ப்ஸ் ஏற மாட்டேங்குதா? குளச்சல் பக்கத்துல ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டின அனுபவம்

7.2 கிலோவாட் சார்ஜர்னு வாங்கி மாட்டியாச்சு, ஆனா ஆப்ல பாத்தா 3.5 கிலோவாட்டத் தாண்ட மாட்டேங்குது, இல்லன்னா ராத்திரி 31 ஆம்ப்ஸ்ல (ஆம்ப்ஸ்னா கார் இழுக்குற கரண்டோட அளவு) ஆரம்பிச்சு காலைல போய்ப் பாத்தா 16-ல கெடக்கு. நம்ம குமரி மாவட்டத்துல எலக்ட்ரிக் கார் எடுத்த ஆளுங்க இப்பம் அதிகமா கேக்குறது இதத்தான். எங்க வீட்டுல இந்த ரெண்டும் வந்துச்சு, வேற சிலதும் வந்துச்சு, ஒண்ணொண்ணா கண்டுபிடிச்சு சரி பண்ணி இப்பம் நல்லா ஓடுது. அதனால முழுசா எழுதுதேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

மொதல்ல கவனிக்க வேண்டியது எவ்வளவு கொறையுதுங்குறத இல்ல, எப்பம் கொறையுதுங்குறத. பிளக் சொருகின மொத நிமிஷத்துலயே கம்மியா இருக்கா, முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் விழுதா, சாயங்காலம் மட்டும் விழுதா? இத ஒரு வாரம் பாத்து எழுதி வச்சாலே பாதி வேல முடிஞ்சுது.

மொத நிமிஷத்துலயே கம்மின்னா அது செட்டிங் வெவகாரம், இல்லன்னா காரோட அளவே அவ்வளவுதான். சுவத்துல இருக்குற பெட்டி உண்மையில சார்ஜரே இல்ல, லைன்ல வாற ஏசி கரண்ட பேட்டரிக்கு வேண்டிய டிசி கரண்டா மாத்துற சார்ஜர் காருக்குள்ள இருக்கு. பெட்டி செய்றது "இதுக்கு மேல இழுக்காத"ன்னு காருக்கு ஒரு சிக்னல் அனுப்புறதுதான். அந்த சிக்னல் செகண்டுக்கு 1000 தடவ மேலயும் கீழயும் போய்ட்டு வரும், அதுல மேல நிக்குற நேரம் எத்தன சதவீதமோ அத 0.6-ஆல பெருக்கினா ஆம்ப்ஸ். 10 சதவீதம்னா 6 ஆம்ப்ஸ், 50 சதவீதம்னா 30 ஆம்ப்ஸ். 6-க்குக் கீழ கெடையாது. கேபிள் தனியா வாற மாடல்னா அந்த கேபிள் பிளக்குள்ளயும் ஒரு சின்ன ரெசிஸ்டர் உண்டு, 220 ஓம்னா 32 ஆம்ப்ஸ் கேபிள், 680 ஓம்னா 20 ஆம்ப்ஸ் கேபிள். இது போக கார் ஸ்கிரீன்ல ஒரு லிமிட், ஆப்ல ஒரு லிமிட், பெட்டிக்குள்ள மாட்டும்போ வைக்குற ஸ்விட்ச் ஒண்ணு. இத்தனைலயும் எது ரொம்பக் கம்மியோ அதுதான் ஜெயிக்கும். பேச்சிப்பாறை சானல்ல எவ்வளவு தண்ணி வந்தாலும் வயலுக்குள்ள போறது மட தொறந்த அளவுக்குத்தானே, அது மாதிரி.

எங்க வீட்டுல ஆப்ல 32-ன்னு இருக்கு, கார்ல 32-ன்னு இருக்கு, இழுக்குறது 16. மூடியத் தொறந்து பாத்தா உள்ள இருக்குற ரோட்டரி ஸ்விட்ச் 16-ல நிக்குது, மாட்டிட்டுப் போன ஆள் ஒரு வார்த்த சொல்லல. அதப் பாத்த உடனே திருப்பி 32-ல வைக்கக் கூடாது, இத அழுத்திச் சொல்லுதேன். அந்த ஸ்விட்ச் இருக்குறதே ஒயருக்காகத்தான். மீட்டர் பக்கத்துல இருந்து பெட்டி வர என்ன ஒயர், என்ன எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்), ஈபில நமக்கு எத்தன கிலோவாட் லோடு சாங்ஷன் ஆகியிருக்கு, மூணையும் பாத்துட்டுத்தான் கை வைக்கணும். எங்களுக்கு 6 ஸ்கொயர் எம்எம் காப்பர், 40 ஆம்ப்ஸ் எம்சிபி, த்ரீ பேஸ் கனெக்ஷன், லோடும் கூட்டி வாங்கியாச்சு, அதனால கூட்டலாம். 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்த வீடுன்னா அந்த 16-லயே விட்டுருங்க. எம்சிபி 32-ஆ இருந்தாலும் 32 வைக்காதீங்க, ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஃபுல் லோடு போனா மூடின பெட்டிக்குள்ள அது சூடாகி நடுராத்திரி டிரிப் ஆகும்.

இங்கயே இன்னொண்ணும் சொல்லிருதேன். திங்கள்சந்தைல தெரிஞ்சவங்க வீட்டுல 11 கிலோவாட் பெட்டி மாட்டியிருக்காங்க, 7.2-ஐ விட வேகமா ஏறும்னு நெனச்சு. 11 கிலோவாட்னா மூணு பேஸ்லயும் 16 ஆம்ப்ஸ் வீதம். அவங்க கார் உள்ள இருக்குறது சிங்கிள் பேஸ் சார்ஜர், அது ஒரு பேஸ மட்டுந்தான் எடுக்கும், 230-ஐ 16-ஆல பெருக்கினா 3.7 கிலோவாட் கூட வரல. பெட்டிலயும் கோளாறு இல்ல, கார்லயும் கோளாறு இல்ல, ஆனா காசு போச்சு. வாங்கும்முன்ன காரோட ஆன்போர்டு சார்ஜர், அதாவது உள்ள இருக்குற சார்ஜர், எத்தன கிலோவாட், சிங்கிள் பேஸா த்ரீ பேஸான்னு கேட்டுட்டு வாங்குங்க. 3.3 கிலோவாட் சார்ஜர் உள்ள கார்னா நீங்க எந்தப் பெட்டி மாட்டினாலும் 15 ஆம்ப்ஸ் கிட்டத்தான் இழுக்கும்.

அடுத்தது ஒரு மணி நேரம் ஓடிட்டு விழுறது. இதத்தான் யாரும் கண்டுக்க மாட்டேங்குதாங்க, ஆனா ஆபத்து இதுலதான். 32 வச்சப்புறம் ஆறேழு மாசம் நல்லா போச்சு, அப்புறம் தெனமும் முக்கா மணி நேரத்துல 16-க்கு எறங்க ஆரம்பிச்சுது. ஆப்ல எர்ரர் ஒண்ணும் இல்ல. சர்வீஸ்ல கேட்டா "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க சார்"னு சொன்னாங்க, பண்ணியும் அதேதான். கடைசில நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் வந்து மெயின ஆஃப் பண்ணிட்டு மூடியக் கழத்தினாரு. நியூட்ரல் ஒயர் டெர்மினலுக்குள்ள போற எடத்துல ஒரு வெரல் அகலத்துக்கு கருப்பு இன்சுலேஷன் வெளிறி பழுப்பாகி மொறமொறன்னு ஆயிருக்கு, பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக்ல கருகின வாசம், ஸ்குரூடிரைவர் வச்சுத் திருப்பினா அர ரவுண்டு சும்மா போகுது, உள்ள உள்ள காப்பர் இழைல பச்சக் களிம்பு வேற. "மக்களே, இது சாஃப்ட்வேர் இல்ல, சூடு"ன்னாரு அண்ணன்.

கணக்கு போட்டுப் பாத்தா பயமாத்தான் இருக்கு. லூஸான ஒரு ஜாயிண்ட்ல 0.02 ஓம் இருந்தா 16 ஆம்ப்ஸ்ல 5 வாட் சூடு, அதே ஜாயிண்ட்ல 32 ஆம்ப்ஸ் போனா 20 வாட்டுக்கு மேல. ஆம்ப்ஸ் ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. 20 வாட் சால்டரிங் அயர்ன் ஒண்ண அந்தச் சின்ன ஸ்குரூக்குப் பக்கத்துல ராத்திரி முழுக்க வச்சா எப்படி இருக்கும், அவ்வளவு சூடு. பெட்டிக்குள்ள இருந்த டெம்பரேச்சர் சென்சார் அதக் கண்டுதான் ஆம்ப்ஸக் கொறச்சிருக்கு, அது இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே முடியல. அண்ணன் கருகின தூரத்த வெட்டி, இழைய ஒண்ணா சேத்து காப்பர் லக் (ஒயர் நுனில மாட்டுற முனை) போட்டு அழுத்திக் கிரிம்ப் பண்ணி, டெர்மினல் பிளாக்கையும் மாத்தி டைட் வச்சாரு. மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர லக் இல்லாம அப்படியே சொருகினா இழை நசுங்கி நசுங்கி ஸ்குரூ லூஸாகும், கடல்காத்து அடிக்குற எங்கள மாதிரி ஊர்ல களிம்பும் சேரும், குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருக்குறவங்க இத சாதாரணமா எடுக்காதீங்க.

பெட்டி மேக்குச் சுவத்துல இருந்துச்சு, சாயங்கால வெயில் நேரா அடிக்கும், அதுக்கு மேல ஒரு ஷீட் எறக்கி விட்டோம். அதுவும் உதவிச்சு, ஆனா முக்கியமான காரணம் அந்த ஸ்குருதான்.

சாயங்காலம் மட்டும் விழுறது வோல்டேஜ் பிரச்சன. ஏழு மணிக்கு மேல எங்க லைன்ல ஒரு பேஸ் 205 கிட்ட வரும், மத்த ரெண்டும் 225-க்குக் கொறையாது. அந்தப் பேஸ்லதான் சார்ஜரும் இருந்துச்சு கிணத்து மோட்டாரும் இருந்துச்சு. மோட்டார் ஸ்டார்ட் ஆகுற நேரம் வோல்டேஜ் சட்டுன்னு எறங்கும், லைன் வீக்குன்னு கார் நெனச்சு ஆம்ப்ஸக் கொறச்சுக்கும், மோட்டார நிறுத்தினப்புறமும் அந்த சார்ஜிங் முடியுற வர ஆம்ப்ஸ் திரும்ப ஏறாது. பிளக்கக் கழத்தி மாட்டினாத்தான் பழைய நெலைக்கு வரும். சார்ஜர வேற பேஸுக்கு மாத்தினோம், தீந்துது.

இதெல்லாம் அளந்து பாக்க ஒயரச் சுத்திப் பிடிச்சு கரண்ட அளக்குற கிளாம்ப் மீட்டர் ஒண்ணு போதும், எலக்ட்ரீஷியன் கையில இருக்கும், பேஸ் ஒயர மட்டும் தனியா கிளாம்ப்ல விடணும், பேஸும் நியூட்ரலும் சேத்துவிட்டா ஒண்ணையொண்ணு அடிச்சு சைபர் காட்டும். ஆப்ல இருக்குற நம்பர் பல பெட்டில பெட்டி அனுமதிச்ச அளவுதான், கார் எடுக்குற அளவு இல்ல. அதே மாதிரி 90 சதவீதத்துக்கு மேல போகப்போக கொறஞ்சா அது பேட்டரி நெறையுறது, அதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

எர்த் பத்தி ஒண்ணு. பங்குனி சித்திரைல மண்ணு காஞ்சு எர்த் வீக்காகி செவப்பு லைட் எரிஞ்சு சார்ஜே ஏறாம நிக்கும். அதுக்கு நியூட்ரலையும் எர்த்தையும் பெட்டிக்குள்ள ஒரு துண்டு ஒயர் போட்டு சேத்து விடுற ஆளுங்க இருக்காங்க, தயவுசெய்து அனுமதிக்காதீங்க. வெளிய எங்கயாவது நியூட்ரல் அறுந்தா கார் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும், நம்ம புள்ளைங்க தொடுற கார். எர்த் குழிய சரி பண்ணுங்க, தண்ணி ஊத்துங்க, பத்தலன்னா இன்னொரு எர்த் அடிங்க. கரண்ட் லீக் ஆனா லைன வெட்டுற ஆர்சிசிபியும் சாதாரண ஏசி டைப் வேண்டாம், டிசி லீக்கேஜ் வந்தா அது வேல செய்யாமப் போயிரும். பெட்டிக்குள்ளயே 6 மில்லி ஆம்பியர் டிசி பாதுகாப்பு இருந்தா வெளிய ஏ டைப் போதும், இல்லன்னா பி டைப்.

இப்பம் நாங்க 32-ல வைக்குறதே இல்ல. நாகர்கோவில் மார்த்தாண்டம்னு சுத்தினாலும் ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர்தான், பத்துப் பன்னெண்டு யூனிட் போதும், 16-ல வச்சாலே மூணு மூணரை மணி நேரம். ராத்திரி 11 மணிக்கு மேல டைமர் போட்டு 16, மறுநாள் திருவனந்தபுரமோ மதுரையோ போகணும்னா மட்டும் 24. ஐப்பசி மழ முடிஞ்சதும் அண்ணன் வந்து மூடியத் தொறந்து டெர்மினல் எல்லாம் ஒருதடவ டைட் பார்ப்பாரு, போன தடவ தொறந்தப்போ ஒயர் இன்சுலேஷன் பழுப்பாகாம அதோட கருப்பு நெறத்துலயேதான் இருந்துச்சு.