"முழு வெள்ளி" என்று விற்ற பிரெஞ்சுப் பூசைக் கிண்ணம்: 1,850 யூரோ போச்சு

பிரான்சில் பழம்பொருள் ஏலம் நடத்தும் ஓர் இணையதளம், அதில் கடை போட்டிருக்கும் ஒரு வியாபாரி. 19ஆம் நூற்றாண்டுத் திருப்பலிக் கிண்ணம் (கத்தோலிக்கக் கோயில் பூசையில் திராட்சை இரசம் ஊற்றி வைப்பது), "முழுக்க வெள்ளி, 780 கிராம்" என்று போட்டு 1,850 யூரோ வாங்கிவிட்டார்கள். வந்ததில் வெள்ளி கால்வாசிதான். இன்னொருவர் மாட்டக் கூடாது என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

நம்ப வைத்தது முத்திரைப் படம். கேட்டவுடனே உருப்பெருக்கி வைத்து எடுத்து அனுப்பினார்கள். எட்டு மூலைச் சட்டத்துக்குள் மினெர்வா என்ற ரோமானியத் தெய்வத்தின் தலை, நெற்றிக்கு முன்னால் 1. 1838இல் வந்த அரசு முத்திரை. ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி என்று பொருள். பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் பட்டறைக்காரர் முத்திரை. இரண்டும் அசல்தான், அதுதான் வயிற்றெரிச்சல்!

இந்தக் கிண்ணங்கள் ஒரே துண்டு அல்ல. மேல்கிண்ணம், தண்டு, நடுக்குமிழ், பாதம் எல்லாம் தனித்தனி. உள்ளே ஒரு திருகுக் கம்பி ஓடும். பாதத்துக்கு அடியில் மரை போட்டு இறுக்கியிருப்பார்கள். திருச்சபை கறாராகக் கேட்டது இரசம் படும் மேல்கிண்ணத்தைத்தான்: தங்கம், இல்லையென்றால் உட்புறம் தங்க முலாம் பூசிய வெள்ளி. பாதத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அதனால் வசதியில்லாத பங்குக் கோயில்களுக்காக, கிண்ணம் மட்டும் வெள்ளியிலும் பாதம் முலாம் பூசிய பித்தளையிலும் செய்து பட்டறைகள் விற்றன. செய்தவர்கள் ஒளித்துச் செய்யவில்லை. அதை இன்று மொத்த எடையும் வெள்ளி என்று விற்பவன்தான் திருடன்.

மரையைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. மேல்கிண்ணம் மட்டும் தராசில் 195 கிராம். பாதத்தின் அடிவிளிம்பில் முலாம் தேய்ந்து பித்தளை பல்லிளிக்கிறது. பாதத்திலும் குமிழிலும் ஒரு முத்திரைகூட இல்லை.

கடைக்காரர் பதில்: "முத்திரை இருக்கிறதே, பிறகென்ன?" விளம்பரத்தில் எழுதிய "முழுக்க" என்ற சொல்லைக் காட்டினால், "பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்." தளத்தில் புகார் கொடுத்தால், "விற்றவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று புகாரை மூடிவிட்டார்கள். விளம்பரப் பக்கமும் காணாமல் போய்விட்டது. 1,850 யூரோ!

விவரமாக எழுதப் பொறுமை இல்லை, இதையாவது செய்யுங்கள். பிரித்துப் போட்ட படமும் ஒவ்வொரு பாகத்தின் எடையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பட்டறை முத்திரை சதுரத்துக்குள் இருந்தால் அது முலாம்தான். விளம்பரத்தை உடனே படமெடுத்து வையுங்கள். பொருளின் தன்மை, உலோகம், காலம் எல்லாம் எழுதிய ரசீது கேளுங்கள். கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட பிரெஞ்சு அரசாணை சொல்கிறது. பாதத்தில் ஊர்க்கோயில் பெயர் வெட்டியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் கோயில் பாத்திரம் போன்ற பாரம்பரியப் பொருள்களைப் பதிந்து வைக்கும் பிரெஞ்சு அரசின் பலிசி தரவுத்தளத்தில் தேடுங்கள். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்கு முன்பே பங்குக் கோயிலில் இருந்த பாத்திரம் பெரும்பாலும் அந்த ஊர் நகராட்சியின் சொத்து. களவு போனதென்றால் பொருளும் போகும், பணமும் போகும்.